தொட்டிச் செடிகளின் ஈக்களும் அவற்றைத் தின்று வாழும் உயிர்களும்

பங்குனி, சித்திரை வெயிலில் வெள்ளை ஈ. ஐப்பசி, கார்த்திகை மழையில் காளான் ஈ. திருநெல்வேலிச் சீமையில் தொட்டியில் செடி வளர்க்கும் நாம் ஆண்டின் பெரும்பகுதியை இவ்விரண்டில் ஒன்றோடு போராடியே கழிக்கிறோம். பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் மிளகாய், தக்காளி, கத்தரி, வெண்டை, செம்பருத்தி, கறிவேப்பிலை என்று தொட்டிகள் நிறைந்திருக்கின்றன. சுற்றியுள்ள வீடுகளிலும் அப்படித்தான். இலை வெளுக்கத் தொடங்கியதும் மருந்துக் கடைக்குப் போனால், "ஒரு மருந்து இருக்கு அண்ணாச்சி, அடிச்சா ஒரே நாள்ல எல்லாம் செத்துரும்" என்று சொல்லி ஒரு புட்டியை எடுத்து வைக்கிறார்கள். அடித்துப் பார்த்தவர்களின் மாடிகளில் நடப்பதை நான் தொடர்ந்து கவனித்து வருகிறேன். வெள்ளை ஈயோடு சேர்ந்து, அதைத் தின்றுகொண்டிருந்த உயிர்களும் அன்றே மடிந்துவிடுகின்றன. சில வாரங்களில் வெள்ளை ஈ திரும்பி வந்துவிடுகிறது, அதைத் தின்றவை மட்டும் வருவதில்லை.

இதற்குக் காரணம் எளியது. வெள்ளை ஈயின் முட்டையும் கூட்டுப்புழுவும் இலையின் அடிப்பக்கத்தில், மெழுகுப் பூச்சுக்குள் இருப்பதால் தெளிப்பில் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஆனால் பொறிவண்டும் அதன் புழுவும் இலையின் மேல் நடமாடி இரை தேடுபவை. மருந்து முதலில் படுவது அவற்றின்மேல்தான். மேலும், இரை பெருகிய பிறகே இரைவிழுங்கி வந்து பெருக முடியும் என்பதால், இரண்டையும் ஒருசேர அழித்தால் மீண்டும் தலையெடுப்பதில் பூச்சிக்கே முந்துரிமை கிடைக்கிறது. 1980களின் நடுப்பகுதியில் ஆந்திரத்தின் பருத்திக் காடுகளில் வெள்ளை ஈ கட்டுக்கடங்காமல் பெருகியபோது, அதற்கு முன் மிகுதியாகத் தெளிக்கப்பட்ட செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளையே ஆய்வாளர்கள் முக்கியக் காரணங்களுள் ஒன்றாகச் சொன்னார்கள். பெரும் பரப்பில் நடந்தது பத்துத் தொட்டியிலும் நடக்கும்.

இரண்டு ஈக்களையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. வெள்ளை ஈ, பெயரில் ஈ இருந்தாலும், அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் உறவான சாறு உறிஞ்சும் பூச்சி. நான்கு இறக்கைகள் உடையது. இலையில் பிறந்து இலையிலேயே வாழ்வது. காளான் ஈயோ இரண்டு இறக்கை உடைய உண்மையான ஈ. கொசு என்றே பலரும் நினைக்கும் அந்தக் கறுப்புப் பூச்சி, தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போது மண்ணிலிருந்து எழும்பிச் சோம்பலாகப் பறக்கும். இணையத்தில் ஃபங்கஸ் நாட் என்ற பெயரில் தேடினால் வருவது இதுதான். ஒன்றின் எதிரி இலையில் இருக்கிறது. மற்றொன்றின் எதிரி மண்ணில் இருக்கிறது.

முதலில் இலையைப் பார்ப்போம். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறிய கைவில்லை ஒன்று மாடித் தோட்டம் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். நூறு ரூபாய் மருந்தைவிட அது அதிகம் உதவும். வெள்ளை ஈ பிடித்த செம்பருத்தி இலை ஒன்றைத் திருப்பி அந்த வில்லையின் வழியாகப் பாருங்கள். தட்டையான, முட்டை வடிவச் செதில்கள் நரம்புகளின் ஓரத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அவைதான் வளர்ந்து முடியும் தறுவாயில் உள்ள வெள்ளை ஈக்கள். பெரும்பாலானவை வெளிர் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருக்க, இடையிடையே சில மட்டும் கறுத்தோ பழுப்பேறியோ தெரிந்தால், அந்த இலையைக் கிள்ளி எறியாதீர்கள். அந்தக் கறுத்த செதிலுக்குள் வளர்வது வெள்ளை ஈ அன்று, என்கார்சியா என்னும் ஒட்டுண்ணிக் குளவியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இந்தக் குளவி நம்மைக் கொட்டாது, நம் கண்ணில் படுவதுகூட அரிது. வெள்ளை ஈயின் இளம் பருவத்துக்குள் தன் முட்டையை இட்டுவிட்டுப் போகிறது. பொரித்து வரும் புழு உள்ளிருந்தபடியே அதைத் தின்று முடித்து, கூட்டுப்புழுவாகி, குளவியாக வெளியேறுகிறது.

காலியான ஓடுகளைப் பார்த்தாலும் கணக்குத் தெரிந்துவிடும். வெள்ளை ஈ வெளியேறிய ஓட்டின் முதுகு நீளவாக்கிலும் குறுக்காகவும் பிளந்து கிடக்கும். குளவி வெளியேறிய ஓட்டில் ஊசி குத்தியதுபோல் ஒரு வட்டத் துளை மட்டும் இருக்கும். ஓர் இலையில் பிளவுகள் எத்தனை, துளைகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பவர், மருந்து அடிக்க வேண்டுமா, பொறுத்திருக்க வேண்டுமா என்ற கேள்விக்குத் தம் கையிலேயே விடையை வைத்திருக்கிறார். துளைகள் கூடிக்கொண்டே வரும் செடியில் எதையும் தெளிக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

இந்தக் குளவியின் பயனை உலகம் அறிந்ததும் இப்படி ஓர் உற்று நோக்கலால்தான். 1926இல் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் தக்காளி வளர்த்த ஒருவர், தம் கண்ணாடிக் குடிலில் சில வெள்ளை ஈச் செதில்கள் மட்டும் கறுத்திருப்பதைக் கண்டு பூச்சியியலாளர்களிடம் காட்டினார். அருகிலிருந்த செஷண்ட் ஆய்வு நிலையம் அந்த என்கார்சியா ஃபார்மோசா குளவியை வளர்த்து விவசாயிகளுக்கு வழங்கத் தொடங்கியது. 1940களில் டிடிடி போன்ற மருந்துகள் வந்ததும் அந்தப் பழக்கம் கைவிடப்பட்டது. மருந்துக்கு அடங்காத பூச்சிகள் பெருகிய பிறகு, 1970களில் ஐரோப்பியக் கண்ணாடிக் குடில்கள் மீண்டும் அதே குளவியைத் தேடிப் போயின.

நம் பக்கத்துக் கதை இன்னும் அண்மையது. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ 2016இல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் காணப்பட்டு, பின்னர்த் தென்மாவட்டங்களெங்கும் பரவியது. தென்காசி, கடையம், அம்பாசமுத்திரம் பக்கம் தென்னை ஓலைகள் கரும்பூசணம் பிடித்துக் கறுத்து நின்ற காட்சியை மறந்திருக்க மாட்டீர்கள். தென்னையோடு நில்லாமல் வாழை, கொய்யா, செம்பருத்தி எனப் பல செடிகளில் இது குடியேறும். வீட்டு முற்றத்தில் தென்னை இருந்து அதன் நிழலில் தொட்டிகளும் இருந்தால், மேலிருந்து சொட்டும் தேன் போன்ற கழிவு இலைகளில் படிந்து, அதன்மேல் கரும்பூசணம் வளர்ந்துவிடும். இந்த ஈக்கு எதிராக நமக்குத் துணை நின்றது என்கார்சியா குவாடலூப்பே என்னும் குளவி. 1990களில் இந்தியாவுக்குள் வந்த பழைய சுருள் வெள்ளை ஈயைத் தொடர்ந்து ஏற்கெனவே இங்கே நிலைபெற்றிருந்த குளவி, புதிதாக வந்த ஈயையும் இரையாக ஏற்றுக்கொண்டது. அதனால்தான் வேளாண்மைப் பல்கலைக்கழகம் தென்னைக்கு மருந்து அடிப்பதைத் தவிர்க்கச் சொல்லி, குளவி உள்ள ஓலைத் துண்டுகளை மற்ற மரங்களில் வைக்கப் பரிந்துரைத்தது. கரும்பூசணத்துக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் மைதா மாவைக் கரைத்துக் காய்ச்சி ஆற வைத்துத் தெளித்தால், காய்ந்த பசையோடு பூசணமும் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். தொட்டிச் செடிக்கும் இது பொருந்தும். ஆனால் இலையின் மேற்பக்கம் மட்டும் தெளிக்க வேண்டும், குளவிகள் அடிப்பக்கத்தில் வளர்கின்றன அல்லவா.

குளவி ஒன்றே எல்லா வேலையையும் செய்துவிடாது. இலையின் அடியிலோ காம்பிலோ, மயிரிழை போன்ற மெல்லிய தண்டின் நுனியில் ஒரு சிறு முட்டை நிற்பதைக் கண்டிருப்பீர்கள். சிலர் அதைப் பூசணம் என்று துடைத்துவிடுகிறார்கள். அது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. அதிலிருந்து வரும் புழு அரிவாள் போல் வளைந்த இரு தாடைகளால் வெள்ளை ஈக் குஞ்சுகளையும் அசுவினியையும் கவ்வி உறிஞ்சும். இந்த இனத்தில் சிலவற்றின் புழுக்கள், தின்று முடித்த இரையின் ஓடுகளையும் மெழுகுத் துகள்களையும் தம் முதுகில் சுமந்துகொண்டே திரியும். அழுக்குத் துணுக்கு ஒன்று தானாக நகர்வதைப் பார்த்தால் விட்டுவிடுங்கள். அதேபோல் மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு வெண்மெழுகு போர்த்தி, பார்வைக்குப் பெரிய மாவுப்பூச்சி போலவே இருக்கும். எத்தனை வீடுகளில் அதைத்தான் முதலில் நசுக்கிக் கொல்கிறார்கள் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. எங்கள் தெருவில் ஓர் ஆச்சி, தம் தட்டட்டியில் கத்தரிச் செடியைப் பார்க்க வருபவர்களிடம், "அதத் தொடாதீய, அது பூச்சியத் தின்னுக்கிட்டுல்லா இருக்கு" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். அவருக்குக் கிரிப்டோலேமஸ் என்ற பெயர் தெரியாது. அது என்ன செய்கிறது என்பது தெரியும்.

பச்சை உலோகம் போல் பளபளக்கும் உடலும் நீண்ட கால்களும் கொண்ட சிறிய ஈ ஒன்று, காலை வெயிலில் இலைமேல் சட்டென்று ஓடி நின்று ஓடும். இதுவும் ஈதான், ஆனால் மற்றச் சிறு பூச்சிகளை வேட்டையாடி உண்ணும் ஈ. சுவரிலிருந்து தாவி வரும் குதிக்கும் சிலந்தியும், விளக்கருகே காத்திருக்கும் பல்லியும், மழைக்காலத்தில் மாடிகளின் மேல் கூட்டமாகச் சுற்றும் தட்டான்களும் பறக்கும் ஈக்களைக் குறைக்கின்றன. இவற்றை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. விரட்டாமல் இருந்தால் போதும்.

இங்கே எறும்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பல மாடிகளில் இயற்கை எதிரிகள் தோற்பது எறும்பிடம்தான். சாறு உறிஞ்சும் பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காக்கின்றன. பொறிவண்டின் புழு வந்தால் கடித்து விரட்டுகின்றன; முட்டையிட வரும் குளவியையும் அமைதியாக வேலை செய்ய விடுவதில்லை. செடியில் எறும்புச் சாரை ஏறி இறங்கினால் முதலில் அதை நிறுத்த வேண்டும். தொட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி நான்கு கால்களின் மேல் வைத்து, கால்களில் விளக்கெண்ணெய் தடவிய துணியைச் சுற்றினால் ஏறாது. செடியின் கிளைகள் சுவரையோ அடுத்த தொட்டியையோ தொடாதபடி கத்தரித்தும் விட வேண்டும். பலகாரப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும் நம் வீட்டு வழக்கப்படி தொட்டிக்கும் செய்யலாம் என்றாலும், தேங்கிய நீரில் டெங்குக் கொசு முட்டையிடும். ஆகவே அந்த நீரில் கல் உப்பைத் தாராளமாகப் போடுங்கள், இல்லையேல் தண்ணீர்த் தட்டே வேண்டாம்.

எதிரிகள் தங்குவதற்கும் ஏதாவது வேண்டும். கண்ணாடி இறக்கைப் பூச்சிகளுள் பலவற்றின் முதிர்ந்த பருவமும் ஒட்டுண்ணிக் குளவிகளும் பூந்தேனை நாடுபவை. இரண்டு தொட்டியில் கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விடுவதும், துளசியைக் கதிர்விட விடுவதும் அவற்றுக்கு உணவாகும். நான் மிகவும் நம்புவது தட்டைப்பயறு. ஒரு பழைய வாளியில் தட்டைப்பயறு விதைத்தால், கறுப்பு அசுவினி வந்து மொய்க்கும். அந்த அசுவினி பெரும்பாலும் பயறு வகைகளையே நாடுவதால் மிளகாய், தக்காளிக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. அதைத் தேடிப் பொறிவண்டுகள் வந்து முட்டையிட்டுப் பெருகும். வயலோரத்தில் தட்டைப்பயறு விதைக்கும் விவசாயிகள் இதைத் தெரிந்தேதான் செய்கிறார்கள். வாளியில் அசுவினி கறுத்து மொய்ப்பதைப் பார்த்துப் பதறி மருந்து அடித்துவிடாமல் இருப்பதுதான் இதில் கடினமான பகுதி. இரையே இல்லாத மாடியில் இரைவிழுங்கியும் தங்காது. சில ஈக்கள் இருந்தே தீரும் என்பதை ஏற்றுக்கொள்ளாதவருக்கு இந்த முறை பயன்படாது.

இனி மண்ணுக்கு வருவோம். காளான் ஈயின் புழு கண்ணாடி போன்ற உடலும் பளபளக்கும் கறுப்புத் தலையும் உடையது. ஈரமண்ணின் மேல் அடுக்கில் பூஞ்சையையும் அழுகும் பொருளையும் தின்று வளர்கிறது, பெருகிவிட்டால் நாற்றுகளின் மெல்லிய வேரையும் கடிக்கிறது. இருக்கிறதா என்று அறிய, உருளைக்கிழங்கு வில்லை ஒன்றை மண்மேல் அழுத்தி வைத்து, ஓரிரு நாள் கழித்துத் திருப்பிப் பார்த்தால், அடியில் புழுக்கள் சேர்ந்திருக்கும். தென்னை நார்க்கழிவு மட்டுமே நிரப்பிய தொட்டியில் இந்தத் தொல்லை அதிகமாக வருவதற்குக் காரணம், அது வெகுநேரம் ஈரம் காப்பதும், அதில் எதிரி உயிர்கள் இல்லாததும்தான்.

வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் இதற்கு ஸ்டெய்னர்நீமா ஃபெல்டியே என்ற நூற்புழுவைப் பரிந்துரைக்கிறார்கள். குளிர்ந்த மண்ணில் அது அருமையாக வேலை செய்யும். 30 டிகிரிக்கு மேல் மண் சூடானால் சோர்ந்துவிடும். நம் மாடியில் வெயில் படும் கறுப்புப் பையின் மண்ணுக்கு அது ஏற்றதன்று. நமக்குரியது ஹெட்டிரோரப்டிடிஸ் இண்டிகா. கோயம்புத்தூரில் கரும்புத் துளைப்பானின் புழுவிலிருந்து எடுக்கப்பட்டு 1992இல் அறிவியலுக்கு அறிமுகமான இந்த நூற்புழு, வெப்ப நாட்டில் பிறந்தது, வெப்பத்தைத் தாங்குவது. பூச்சிப் புழுவின் உடலுக்குள் புகுந்து, தன் வயிற்றில் சுமந்து வரும் பாக்டீரியாவை விடுவித்து, ஓரிரு நாளில் அதைக் கொன்றுவிடும். பிறகு அந்த உடலுக்குள்ளேயே பெருகி மண்ணுக்குத் திரும்பும். இந்தியாவில் தூள் வடிவில் கிடைக்கிறது. உறையில் காலாவதி நாளைப் பார்த்து வாங்கி, வெயில் தாழ்ந்த பிறகு, ஏற்கெனவே நனைத்த மண்ணில் ஊற்ற வேண்டும். உயிருள்ள பொருள் என்பதால் வெயிலும் உலர்ச்சியும் அதைக் கொன்றுவிடும்.

வாங்காமல் கிடைக்கும் எதிரிகளும் உண்டு. நன்றாக மக்கிய தொழு உரத்திலும் மரத்தடிச் சருகு மண்ணிலும் பழுப்பு நிற வேட்டைச் சிலந்திப்பேன்களும், குட்டை இறக்கையும் நீண்ட வயிறும் கொண்ட சிறு வண்டுகளும் வாழ்கின்றன. இவை ஈயின் முட்டையையும் புழுவையும் தின்பவை. புதிய தொட்டி நிரப்பும்போது அத்தகைய மண் ஒரு கைப்பிடி கலந்தால் அவையும் குடியேறும். அரைகுறையாக மக்கிய உரத்தைப் போட்டால் எதிரிக்குப் பதில் ஈயைத்தான் அழைப்பீர்கள். மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் முந்தியது. அடைமழை நாட்களில் அது நம் கையில் இல்லையென்றால், உடைத்த செங்கல் துகளை மேலே பரப்பலாம். அதற்காக ஆற்று மணலைத் தேடிப் போகாதீர்கள், தாமிரபரணி இழந்த மணல் போதும்.

இயற்கை எதிரிகளால் முடியாததும் ஒன்று இருக்கிறது. வெண்டையில் நரம்புகள் மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரசால் வருவது. மிகச் சில ஈக்களே அதைப் பரப்பப் போதுமானவை என்பதால், குளவி வந்து காக்கும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. அந்தச் செடியை அன்றே பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, தேமலைத் தாங்கும் வெண்டை இரகத்தை அடுத்த முறை விதைப்பதே வழி.

மஞ்சள் ஒட்டும் அட்டையையும் அளவோடு பயன்படுத்த வேண்டும். ஈ வந்துவிட்டதா என்று அறிய ஓர் அட்டை போதும். துளை விழுந்த ஓடுகள் இலையில் தென்படத் தொடங்கியதும் அதைக் கழற்றிவிடுங்கள், குளவிகளும் அதில் ஒட்டி மடியும். வேப்பெண்ணெய்க் கரைசலைக்கூட, மிக மோசமான கிளைக்கு மட்டும், மாலையில், எதிரிகள் இல்லையென்று பார்த்த பின்பே தெளிக்க வேண்டும். வேரில் ஊற்றிச் செடி முழுவதும் ஏறும் இமிடாகுளோப்ரிட் வகை மருந்துகளைத் தொட்டியில் பயன்படுத்தவே வேண்டாம். அவை பூந்தேன் வரை சென்று, அதை உண்ண வரும் கண்ணாடி இறக்கைப் பூச்சியையும் தேனீயையும் எட்டும், நாம் பறித்து உண்ணும் காயையும் எட்டும்.

உங்கள் மாடியில் குளவி இல்லையென்றால், இருக்கும் மாடியிலிருந்து கொண்டுவரலாம். கறுத்த செதில்கள் மிகுந்த இலையைக் காலையில் கிள்ளி, அதில் மாவுப்பூச்சியோ, உயிருள்ள வெள்ளைச் செதில்களோ மிகுதியாக இல்லையென்று வில்லையில் பார்த்துக்கொண்டு, காகித உறையில் எடுத்து வந்து, ஈ பிடித்த செடியின் நடுக்கிளையில் நூலால் கட்டிவிட வேண்டும். இலை வாடினாலும் கூட்டுப்புழுவாகிவிட்ட குளவிகள் வெளிவந்துவிடும். கறுத்தது குளவியா, வேறு ஏதாவதா என்ற ஐயம் வந்தால், வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரிக்கு இலையைக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்கலாம். பாளையங்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் கேட்டால் என் செம்பருத்தியிலிருந்தும் இலை தருகிறேன். வாங்கிப் போவதற்கு முன்னும், கட்டிய பின் சில வாரங்களுக்கும், எந்த மருந்தும் அடிக்காமல் இருந்தால் போதும்.